பாரசீகக் குத்துவாள்: அகழாய்வு சொல்வதும் வேடம் கட்டுவோர் கேட்பதும்

அகாமனிசியப் பேரரசு (கி.மு. 550–330) காலத்துப் பாரசீக வீரனாக வேடம் கட்ட விரும்புகிறவர்களும், அருங்காட்சியகத்தில் பார்த்த குத்துவாளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. பதில்களில் என் சாய்வும் இருக்கும். எனக்கு வாளைவிட உறையின் மேல்தான் அக்கறை அதிகம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பழங்காலப் பாரசீகக் குத்துவாள் என்றால் எது?

பெரும்பாலும் அகினாகேஸ். கிரேக்கர்கள் எழுதிவைத்த பெயர் இது. இருபுறமும் கூரான, நேரான, குட்டையான இரும்பு வாள். மொத்த நீளம் பொதுவாக 35 முதல் 45 செ.மீ. வரை இருக்கும். இதைவிட நீண்டவையும் உண்டு. கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் இதய வடிவில் அல்லது விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவில் ஒரு காப்பு. கைப்பிடியின் உச்சியில் குறுக்குக் கட்டை, அல்லது இரண்டு பக்கமும் சுருண்டு நிற்கும் கொம்பு போன்ற முடிவு. ஸ்டெப்பி எனும் பரந்த புல்வெளியில் குதிரை மேய்த்து வாழ்ந்த மக்களிடமிருந்து ஈரானுக்கு வந்த வடிவம் இது. கருங்கடல் கரையிலிருந்து அல்தாய் மலை வரை இதன் உறவினர்கள் கிடைக்கிறார்கள்.

இணையக் கடைகளில் 'பழைய பாரசீகக் குத்துவாள்' என்று வளைந்த வாள் விற்கிறார்களே?

வளைந்திருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். கஞ்சர், ஜம்பியா, பேஷ்கப்ஸ் எல்லாம் இஸ்லாமிய காலத்தவை. அழகானவைதான், ஆனால் டேரியஸ் மன்னனின் காலத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. சஃபவி காலத்து (16–18-ஆம் நூற்றாண்டு ஈரான்) வேடத்துக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி லூரிஸ்தான் வெண்கலக் குத்துவாள். மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைக் கல்லறைகளிலிருந்து 1920-களின் இறுதி முதல் ஆயிரக்கணக்கான வெண்கலப் பொருட்கள் கள்ளத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டன. அவற்றில் குத்துவாள்கள் ஏராளம். அவை உண்மையிலேயே பழையவை. ஆனால் பெரும்பாலானவை அகாமனிசியப் பேரரசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. டேரியஸின் வீரன் இடுப்பில் லூரிஸ்தான் வெண்கல வாள் இருந்தால், தாத்தாவின் தாத்தா கல்லறையைத் தோண்டிவிட்டுப் போருக்கு வந்தவன் போலிருக்கும்.

அகினாகேஸ் எப்படி அணியப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?

பெர்சபோலிஸ். சுமார் கி.மு. 518-இல் டேரியஸ் கட்டத் தொடங்கி, கி.மு. 330-இல் அலெக்சாந்தர் எரித்த அரண்மனை நகரம். அபதானா மண்டபத்தின் படிக்கட்டுச் சுவர்களில் அரசவையினரும், பல நாட்டுத் தூதுக்குழுக்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கிழக்குப் படிக்கட்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் காற்றும் மழையும் தீண்டாமல் தப்பியது. 1930-களின் தொடக்கத்தில் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அதை வெளிக்கொண்டு வந்தார்.

அங்கே உருண்டைத் தொப்பியும் முழங்கால்வரை அங்கியும் காற்சட்டையும் அணிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல்பகுதி ஒரு பக்கமாகக் காது போல அகன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காதில் வார் கோத்து இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். உறை வலது தொடையோடு ஒட்டிக் கீழே இறங்குகிறது. அடிநுனியில் தனியாக ஒரு முனைப்பூண். அதிலிருந்து மெல்லிய வார் ஒன்று தொடையைச் சுற்றி வந்து முடிச்சிடப்படுகிறது. முடிச்சின் வால் தொங்குவதைக்கூடச் சிற்பி விடவில்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் இதையே சொல்கிறார். டேரியஸின் மகன் செர்க்ஸஸின் படையில் பாரசீகரின் குத்துவாள் கச்சையிலிருந்து வலது தொடைப் பக்கம் தொங்கியது என்று எழுதியிருக்கிறார். கல்லும் ஏடும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே விஷயத்தைச் சொல்வது இந்தத் துறையில் அபூர்வம்.

ஏன் தொடையில் கட்ட வேண்டும்?

குதிரைக்காக. கால் ஊன்ற அங்கவடி கிடையாத காலம். கால்களாலேயே குதிரையின் விலாவை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தொங்கும் உறை அடித்துக்கொண்டே இருந்தால் குதிரை மிரளும், சவாரிக்காரனின் தொடை புண்ணாகும். கீழே கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: இடது கையில் கடிவாளமோ வில்லோ இருக்கும்போது, உறையைப் பிடிக்க மறுகை தேவையில்லாமல் வலது கையாலேயே உருவலாம். அலகு குட்டை என்பதால்தான் வலப்பக்கத்திலிருந்து வலக்கையால் உருவ முடிகிறது. நீண்ட வாளை இப்படி உருவிப் பாருங்கள், முழங்கை காது வரை போகும்.

வேடம் கட்டுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வாளை நல்ல கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்குகிறார்கள். பிறகு அதை இடது இடுப்பில், தொடையில் கட்டாமல், ஐரோப்பியப் பட்டாக்கத்தி போல ஆடவிடுகிறார்கள். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அலகின் வடிவம் தெரியாது. உறை தொங்கும் விதம் தெரியும்.

எல்லாப் பாரசீகரும் இதையே அணிந்தார்களா?

இல்லை. பெர்சபோலிஸில் இரண்டு உடைகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, மேலே சொன்ன குதிரைச் சவாரி உடை. மீடிய உடை என்று அழைக்கப்படுவது இதுதான். மற்றொன்று, மடிப்பு மடிப்பாக விழும் நீண்ட அரசவை அங்கி, அதற்கு வரிக்கோடு போட்ட உயரமான தொப்பி. அரசவை அங்கி அணிந்தவர் தொடையில் அகினாகேஸைக் கட்டுவதில்லை. அவருடைய குத்துவாள் வேறு வகை. அதை இடுப்புக் கச்சையின் முன்புறம் சாய்வாகச் செருகிக்கொள்கிறார். 1972-இல் சூசாவில் கிடைத்த, எகிப்திய எழுத்துகள் பொறித்த டேரியஸ் சிலையிலும் குத்துவாள் கச்சையில் செருகித்தான் இருக்கிறது. அபதானாவில் ஈலாம் நாட்டுத் தூதுக்குழு பெண்சிங்கத்தையும் குட்டிகளையும் வில்களையும் கொண்டு வரும்போது, கூடவே இந்த வகைக் குத்துவாளையும் காணிக்கையாகக் கொண்டு வருகிறது. எனவே இதை ஈலாமிய மரபு என்று பார்ப்பதில் தவறில்லை.

ஆகவே முதலில் உடையைத் தீர்மானியுங்கள், பிறகு குத்துவாளை. காற்சட்டைக்கு அகினாகேஸ். மடிப்பு அங்கிக்குச் செருகு குத்துவாள். சூசாவின் வண்ண ஓடுகளில் வரும் அழகான வில்வீரர்களின் அங்கியைத் தைத்துக்கொண்டு அதன்மேல் அகினாகேஸைத் தொங்கவிடுவதுதான் மிகவும் பரவலான கலப்படம். அந்த ஓடுகளில் ஈட்டியும் வில்லும் அம்பறாத்தூணியும் இருக்கின்றன, அகினாகேஸ் இல்லை.

இன்னொரு கிளைச் செய்தி: நக்ஷ்-இ-ருஸ்தமில் டேரியஸின் கல்லறை முகப்பில், பேரரசின் பல நாட்டவர் மன்னனின் மேடையைத் தூக்கி நிற்கிறார்கள். அவர்களில் சிந்துப் பகுதி இந்தியரும் உண்டு. மேலாடை இல்லாத அவரது வாள் தோளிலிருந்து வாரில் தொங்குகிறது. ஒரே படையில் ஆளுக்கொரு வாள், ஆளுக்கொரு தொங்கல். வேடக் குழுவில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்பதைவிட இது எவ்வளவோ சுவையானது.

உண்மையான வாள்கள் எங்கே?

ஈரானுக்குள் தேடினால் ஏமாற்றம்தான். பெர்சபோலிஸின் கருவூலத்திலும் காவற்பகுதியிலும் எரிக் ஷ்மிட்டின் குழு 1935–39-இல் தோண்டியபோது அம்புமுனைகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. முழு அகினாகேஸ் அப்படிக் கிடைக்கவில்லை. காரணங்கள் சாதாரணமானவை. அலெக்சாந்தரின் படை எடுக்கத் தக்கதையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் தீ வைத்தது. இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத இரும்பைக் கொல்லன் காய்ச்சி அடித்து வேறு ஏதாவது செய்துவிடுவான். வாளோடு புதைக்கப்பட்ட அகாமனிசியக் கல்லறைகளும் ஈரானில் மிகக் குறைவு.

பேரரசின் ஓரங்களில் நிலைமை மேல். இன்றைய துருக்கி–சிரியா எல்லையில், கார்கெமிஷுக்குப் பக்கத்தில் தெவே ஹூயுக் என்ற இடுகாடு இருக்கிறது. 1913-இல் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்ததை, கார்கெமிஷில் அகழாய்வு செய்துகொண்டிருந்த லெனார்ட் வூலியும் தாமஸ் எட்வர்ட் லாரன்சும் விலைக்கு வாங்கினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் இரும்புக் குறுவாள்கள், ஈட்டிமுனைகள், அம்புமுனைகள், குதிரைக் கடிவாளத் துண்டுகள் ஆகியவை இருந்தன. பாரசீகப் படையில் சேவை செய்தவர்களின் இடுகாடாகவே இதை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். எளிய வீரன் வேடம் கட்டுபவர் பின்பற்ற வேண்டியது இந்த அலங்காரமில்லாத இரும்புதான். ஆனால் யாரும் இதைத் தேடிப் போவதில்லை, தங்கத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

தங்க அகினாகேஸ்கள் போலியா?

சில உண்மையானவை, சிலவற்றின் கதை தெரியாது, சிலவற்றைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

உறுதியாகக் காட்டத்தக்கது ஆக்சஸ் புதையல். 1877–80 வாக்கில் ஆமூ தாரியா ஆற்றங்கரையில், இன்றைய தஜிகிஸ்தான் பகுதியில் கிடைத்தது. காபூலிலிருந்து பெஷாவர் வரும் வழியில் வணிகர்களைக் கொள்ளையர் மடக்கியதும், கேப்டன் பர்ட்டன் என்ற அதிகாரி போய்ப் பெரும்பகுதியை மீட்டதும் தனிக் கதை. 1897 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அகினாகேஸ் உறையின் மேல் போர்த்தியிருந்த மெல்லிய தங்கத் தகடு ஒன்று உண்டு. சுமார் 28 செ.மீ. நீளம். குதிரை மேலிருந்து சிங்கத்தை வேட்டையாடும் காட்சிகள் தகடு முழுக்கப் புடைத்து நிற்கின்றன. அசீரியச் சிற்பங்களின் சாயல் தெரிகிறது. நமக்கு வேண்டியது இதன் வடிவம்: பெர்சபோலிஸ் கல்லில் பார்த்த அதே காது, அதே அகன்ற தோள். அதே புதையலில் ஒரு சிறிய தங்கத் தகட்டில் குச்சிக்கட்டு ஏந்திய ஒருவர் நிற்கிறார். அவரது வலது தொடையில் அகினாகேஸ் தொங்குகிறது. ஒரே புதையலில் பொருளும் அதை அணிந்த ஆளும்!

ஹமதானிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் தங்கக் குத்துவாள்கள் வேறு கணக்கு. சிங்கத் தலைகள் வைத்த கைப்பிடியோடு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று டெஹ்ரானில். இவை அகழாய்வில் எடுக்கப்படாமல் சந்தை வழியாக வந்தவை. 'ஹமதான்' என்பது வியாபாரி ஒட்டிய சீட்டாகவும் இருக்கலாம். ஆஸ்கர் வைட் மஸ்கரெல்லா போன்ற ஆய்வாளர்கள் இந்த மாதிரிப் பொருட்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எச்சரித்து வந்தார்கள். உண்மையானதாகவே இருந்தாலும் தங்க அலகு வெட்டாது, வளையும். அது போருக்கு அல்ல.

பிறகு எதற்கு? கிரேக்க எழுத்தாளர் செனபோன் சொல்கிறார். பாரசீக இளவரசன் இளைய சைரஸ், சிலிசியா மன்னனுக்குத் தங்கக் கடிவாளம் பூட்டிய குதிரை, கழுத்தணி, கைவளைகள், பாரசீக உடை ஆகியவற்றோடு ஒரு தங்க அகினாகேஸும் பரிசளித்தான். அது அரசன் கொடுக்கும் மரியாதை. உங்கள் வேடத்தில் தங்க வாள் இருந்தால், கூடவே தங்கக் கழுத்தணியும் நல்ல குதிரையும் எங்கே என்று கேட்பேன்.

ஸ்டெப்பிக் குதிரை மக்களான சித்தியரின் கல்லறைப் பொருட்களைப் பார்த்துப் பாரசீக வாள் செய்யலாமா?

செய்யலாம், ஒப்புக்கொண்டு செய்தால். உறைந்த மண் மரத்தையும் தோலையும் காப்பாற்றித் தருவதால், உறை கட்டும் நுட்பத்துக்கு அல்தாயின் பாசிரிக் பண்பாட்டுக் கல்லறைகள் விலைமதிப்பற்றவை. அங்கே மரத்தில் செய்த மாதிரிக் குத்துவாள்கள்கூட உறையோடு கிடைத்திருக்கின்றன. உக்ரைனின் செர்தோம்லிக் மேட்டுக் கல்லறையில் 1860-களில் கிடைத்த வாள் இன்னும் சுவாரசியம். கைப்பிடி அகாமனிசியப் பாணித் தங்கம், புதைக்கப்பட்டவரோ சித்திய மன்னர். எல்லைகள் வாளுக்குத் தெரியாது.

ஆனால் 1969-இல் கஜகஸ்தானின் இசிக் மேட்டில் கிடைத்த 'தங்க மனிதனின்' வாளை அப்படியே நகலெடுத்துப் பாரசீக வீரன் என்று நிற்கக் கூடாது. அது சித்தியரின் உறவினரான சாகர்களுடையது. சாகராக வேடம் கட்டுங்கள், கூர்த்தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெர்சபோலிஸிலும் அவர்கள் ஆயுதத்தோடுதான் வந்து நிற்கிறார்கள்.

இந்த வாளால் எப்படிச் சண்டையிட்டார்கள்?

இது கடைசி ஆயுதம். முதலில் வில், பிறகு ஈட்டி. நெருக்கமான சண்டையில் அகினாகேஸ். இதற்கு வண்ண ஆதாரமே இருக்கிறது. துருக்கியின் தாதார்லி என்ற இடத்தில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த மரக் கல்லறை ஒன்றின் உத்தரங்களில் போர்க்காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. கல்லறைக் கொள்ளையர் அறுத்துக் கடத்திய உத்தரங்கள் மியூனிக் போய்ச் சேர்ந்தன. 2010-இல் துருக்கிக்குத் திரும்பின. காட்சியின் நடுவே பாரசீகத் தலைவன் சித்தியத் தலைவனின் தாடியைப் பிடித்து இழுத்து, குட்டை வாளை வயிற்றில் இறக்குகிறான். வீச்சு இல்லை, வெட்டு இல்லை, குத்து. வாள்வீச்சுப் பயிற்சி என்ற பெயரில் அகினாகேஸைச் சுழற்றுகிறவர்கள் இந்த ஓவியத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஹெரோடோட்டஸை நம்பலாமா?

உடை, ஆயுதம் பற்றிய விவரங்களில் பெரும்பாலும் நம்பலாம், எண்ணிக்கைகளில் வேண்டாம். டேரியஸுக்கு முன் ஆண்ட காம்பிசஸ் மன்னனின் சாவு பற்றி அவர் எழுதியதைப் பாருங்கள். குதிரை மேல் தாவும்போது வாளுறையின் அடிப்பூண் கழன்று விழுந்தது. வெளியே தெரிந்த முனை தொடையில் குத்தியது. புண் அழுகி மன்னன் இறந்தான். எகிப்தின் அபிஸ் காளையை அவன் குத்திய அதே தொடை இடம் என்று ஹெரோடோட்டஸ் சேர்க்கும்போது கதை கொஞ்சம் கச்சிதமாகிவிடுகிறது. ஆனால் அடிப்பூண் தனியாகக் கழலும் பொருள், உறை தொடையோடு இருந்தது என்ற இரண்டு விவரமும் கல்லில் இருப்பதோடு பொருந்துகின்றன.

நகல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அலகு நேராக, இருபுறக் கூர் வடிவில், சாதாரணக் கார்பன் எஃகில் இருக்கட்டும். அலை அலையாக 'டமாஸ்கஸ்' வரி போட்ட அலகு கண்ணுக்குக் குளிர்ச்சி, காலத்துக்கு அந்நியம். ஒரே இரும்பில் அலகும் கைப்பிடியும் சேர்த்து அடித்த வேலை நல்லது, பழைய வாள்கள் பலவும் அப்படித்தான். கைப்பிடி சிறிதாகத் தோன்றும். உள்ளங்கைக்குள் இறுக்கமாக அடங்கும் அளவே சரி, பெரிதாக்கச் சொல்லாதீர்கள். பொதுவெளியில் காட்டுவதற்கு விளிம்பு மழுங்கலாகவும் முனை உருண்டையாகவும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 9 அங்குலத்தைவிட நீண்ட, அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுள்ள குத்துவாள் 1959 ஆயுதச் சட்டத்தின் பட்டியலுக்குள் வரும். வாங்கும் முன் உள்ளூர் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மரவாள் போதும். பாசிரிக்காரர்களே இறந்தவருக்கு மரவாள் வைத்தார்கள்.

உறையை எப்படிச் செய்வது?

இரண்டு மெல்லிய மரப்பலகைகளைக் குடைந்து ஒட்டி, மேலே தோல் போர்த்துங்கள். காதைப் பின்னால் ஒட்டுவதைவிட, பலகையிலேயே சேர்த்து வெட்டினால் பலம். அடிப்பூண் எலும்பிலோ கொம்பிலோ வெண்கலத்திலோ இருக்கலாம். தந்தத்தில் ஒரு முழு உறையே தஜிகிஸ்தானின் தக்த்-இ-சங்கின் கோயில் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. பின்னங்காலில் நிமிர்ந்த சிங்கம் ஒன்று மானை முன்கால்களில் பற்றிக்கொண்டிருக்கும் அற்புதமான வேலை. உயர்குடி வேடத்துக்கு அலங்காரம் வேண்டுமென்றால் பெர்சபோலிஸ் கருவூலச் சிற்பத்தில் மன்னனின் ஆயுதம் தாங்கியைப் பாருங்கள். உறையின் தோளில் இரண்டு கிரிஃபின்கள் (கழுகும் சிங்கமும் கலந்த கற்பனை விலங்குகள்), கீழே காட்டாடுகள் வரிசை. தோலில் அச்சிட்டால் அருமையாக வரும்.

1971 விழாவில் போட்ட உடைகளைப் பின்பற்றலாமா?

ஈரான் ஷா பெர்சபோலிஸில் நடத்திய 2,500-ஆம் ஆண்டு விழாவின் அணிவகுப்பு, இந்தத் துறையின் மிகப் பெரிய மறுநிகழ்த்தல் என்று சொல்லலாம். சிற்பங்களைப் பார்த்துத்தான் தைத்தார்கள். தூரத்துக் காமிராவுக்கு அது போதும். ஆனால் நகலின் நகலை எடுக்காதீர்கள். மூலச் சிற்பத்தின் படங்கள் இப்போது யாருக்கும் கிடைக்கின்றன.

நான் கிரேக்கர் பக்கம். கொள்ளையடித்த அகினாகேஸ் ஒன்றைக் கச்சையில் செருகிக்கொள்ளலாமா?

தாராளமாக. கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்குப் பிறகு பாரசீக முகாமில் தங்க அகினாகேஸ்கள் கிடைத்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் ஒன்றைப் பாதுகாத்து வைத்து, பாரசீகத் தளபதி மார்டோனியசின் வாள் என்று காட்டிவந்தார்கள். ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் ஒரு வழக்கில் அதன் எடை 300 டேரிக் என்கிறார். ஒரு டேரிக் காசு சுமார் 8.4 கிராம், ஆக இரண்டரைக் கிலோ தங்கம். அதையும் அதிகாரி ஒருவர் திருடிக்கொண்டார் என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டு. பிறகு கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த கிரேக்கப் பயணி பவுசானியஸ், காட்டப்பட்ட வாளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: மார்டோனியசைக் கொன்றவன் ஸ்பார்ட்டாக்காரன், அப்படியிருக்க மார்டோனியசின் வாள் ஏதென்ஸ்காரர்கள் கைக்கு எப்படி வந்தது? ஸ்பார்ட்டாக்காரர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்களா?